லூதியானாவில் வென்ற மதுரை

2019 மே 23ஆம் தேதி மதுரையில் கால்பந்தைப் பற்றி யாரும் பேசியிருக்க வாய்ப்பில்லை. மக்களவைத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நாள் அது. டீக்கடை டிவிக்களில் சுற்றுக்குச் சுற்று முன்னிலை நிலவரம் ஓடியது, மாலைக்குள் சு.வெங்கடேசன் மதுரையின் எம்.பி. ஆகிவிட்டார். அதற்கு முந்தைய நாள்தான் பஞ்சாப் மாநிலம் லூதியானாவின் குருநானக் மைதானத்தில், மதுரையின் பெயரில் ஆடும் ஒரு அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் கால்பந்தின் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. சேது எஃப்.சி. என்பது அந்த அணியின் பெயர். தமிழக அணி ஒன்று இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

இப்படியொரு செய்தி ஊருக்குள் வராமலே போனதற்குத் தேர்தலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த லீக் நடத்தப்பட்ட விதமே அப்படி. அதைப் புரிந்துகொண்டால், நாட்டின் சாம்பியனை வைத்துக்கொண்டே ஒரு ஊர் அதை எப்படி அறியாமல் இருந்தது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் அணியைப் பற்றி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில், சீமைக்கருவேலமும் மானாவாரி நிலமுமாக விரியும் கரிசல் பூமியில் இருக்கிறது காரியாபட்டி. அதற்குப் பக்கத்துப் புல்லூரில் உள்ள சேது பொறியியல் கல்லூரிதான் இந்த அணியின் பின்புலம். வருவாய்த் துறைக் கணக்கில் அது விருதுநகர் மாவட்டம். ஆனால் கால்பந்துச் சம்மேளனத்தின் அட்டவணையில் சேது எஃப்.சி. மதுரை அணி, அந்தப் பக்கத்து மக்களும் ‘மதுரைக்குப் போயிட்டு வர்றேன்’ என்று அன்றாடம் பஸ் ஏறுகிறவர்கள்தான், யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

இந்திய மகளிர் லீக் பிறந்ததே 2016-17இல்தான். ஆண்களுக்கு தேசிய லீக் 1996இல் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அதன் பிறகும் 20 ஆண்டுகள் மாநில அணிகள் மோதும் தேசிய சாம்பியன்ஷிப் மட்டும்தான். கிளப் பெயரில் நாடு தழுவிய லீக் வந்தபோது முதல் சீசனின் இறுதிச் சுற்றில் ஆறே அணிகள். டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் மொத்தமும் நடந்து முடிந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் பட்டம் வென்றது. அடுத்தது ஷில்லாங்கில், ஏழு அணிகள். ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கிளப் பெனால்டி ஷூட் அவுட்டில் தட்டிச் சென்றது. மூன்றாவது சீசன்தான் லூதியானா.

லீக் என்றதும் நம் மனதில் வருவது மாதக்கணக்கில் நீளும் போட்டி: ஒரு வாரம் நம் ஊரில் ஒரு மேட்ச், அடுத்த வாரம் எதிரணியின் ஊரில் ஒன்று. லூதியானா சீசன் மே 5இல் தொடங்கி மே 22இல் முடிந்துவிட்டது. மொத்தம் 18 நாள். 12 அணிகள் ஒரே நகரத்தில் முகாமிட்டன. ஆறு ஆறாக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் ஒவ்வொரு அணிக்கும் ஐந்து ஆட்டம், பிறகு அரையிறுதி, இறுதிப் போட்டி. சாம்பியன் ஆன சேது எஃப்.சி.யின் முழு சீசனும் ஏழு ஆட்டங்கள். கூட்டினால் 630 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம். அதுவும் மே மாதத்துப் பஞ்சாப் வெயிலில், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு மேட்ச் என்ற கணக்கில். இந்த இடைவெளியில் தசைப்பிடிப்பு வந்த ஒருத்தி தேறி வருவதற்குள் லீக்கே முடிந்துவிடும்.

இப்படி ஓரிடத்தில் கூட்டி நடத்துவதற்குச் சம்மேளனம் சொல்லும் காரணம் செலவு. பன்னிரண்டு அணிகளை மாதக்கணக்கில் மணிப்பூருக்கும் கோவாவுக்கும் மதுரைக்குமாக அலையவிடுவதைவிட, ஒரு நகரத்தில் தங்கவைத்து முடித்து அனுப்புவது மலிவு. நியாயமான கணக்குதான். அந்தக் கணக்கில் விடுபட்டது ரசிகன். ஷில்லாங், லூதியானா, அதன் பிறகு 2020இல் பெங்களூரு, 2022இல் புவனேஸ்வர், 2023இல் அகமதாபாத் என்று லீக் ஊர் ஊராகப் போனது. மதுரைக்காரர் ஒருவர் தன் ஊர் அணியின் லீக் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் இதே நிலை. பார்க்காத அணியை யார்தான் தன் அணி என்று சொல்லிக்கொள்வார்கள்?

வீராங்கனைகளின் பக்கத்தில் இன்னொரு கணக்கு. 18 நாள் சீசனுக்கு எந்தக் கிளப்பும் 12 மாதச் சம்பளம் தராது. ஓரிரு மாத ஒப்பந்தம், பயிற்சி முகாம், போட்டி, பிறகு வீட்டுக்கு. அதனால்தான் அந்த நாளைய இந்திய வீராங்கனைகள் பலரின் பெயருக்குப் பின்னால் ஒரு அரசு வேலை இருக்கும். அன்று சேதுவுக்கு ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இறுதிப் போட்டியில் எதிரே நின்றது மணிப்பூர் போலீஸ். அரையிறுதிக்கு வந்த இன்னொரு அணி எஸ்.எஸ்.பி. என்னும் எல்லைக் காவல் படை. லீக்கின் ஊதியச் சீட்டைத் தேடினால் பாதிக்குப் பாதி உள்துறையில்தான் கிடைத்திருக்கும்.

இந்துமதியோடு சந்தியா ரங்கநாதனும் அந்த அணியில் இருந்தார். அவரும் கடலூர் மாவட்டம்தான். தமிழக மகளிர் கால்பந்துக்கு நாற்றங்கால் கடலூர், அதற்கு வயல் அமைத்துக் கொடுத்தது காரியாபட்டி என்று சொன்னால் மிகையாகாது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை வென்றிருந்தது; அந்த வேகம் அடுத்த ஆண்டு லூதியானாவிலும் தெரிந்தது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி முன்களத்தில் ஆடினார். பின்னாளில் இஸ்ரேல், பிரான்ஸ் லீக்குகள் வரை போன அதே சபித்ராதான். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். அந்தக் காலத்தில் மகளிர் அணிகளின் பெஞ்சிலும் ஆண் பயிற்சியாளர்களே அதிகம் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டம் வென்றதும் அடுத்த கதவு ஆசியப் போட்டியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கதவே அப்போது இல்லை. ஆசிய கூட்டமைப்பு 2019 கடைசியில் தென்கொரியாவில் நடத்திய வெள்ளோட்டத்துக்கு ஜப்பான், கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டு கிளப்புகளை மட்டுமே அழைத்தது. அடுத்த சாம்பியன் கோகுலம் கேரளாவுக்கு 2021இல் ஜோர்டான் போகும் வாய்ப்புக் கிடைத்தது. பின்னர் ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று வந்த சாம்பியன்களுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கே திறந்துவிட்டது. சேது ஓரிரு ஆண்டு முந்திப் பிறந்த சாம்பியன்.

ஆட்டத் தரத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு 2021-22 சீசனுக்குத்தான், அதில் சேது தோற்றபோதும். கொரோனாவால் ஒரு சீசன் ரத்தான பிறகு, புவனேஸ்வரில் 12 அணிகளும் எல்லாரோடும் ஒருமுறை மோதும் முறை வந்தது. அணிக்கு 11 ஆட்டம், மொத்தம் 66. அரையிறுதியும் கிடையாது, இறுதிப் போட்டியும் கிடையாது; புள்ளிதான் எல்லாம். ஆனால் அட்டவணை செய்த வேடிக்கையைப் பாருங்கள். பத்து ஆட்டம் முடிந்தபோது கோகுலமும் சேதுவும் பத்துக்குப் பத்து வென்று தலா 30 புள்ளியில் நின்றன. மிச்சம் இருந்த ஒரே ஆட்டம் அவர்கள் இருவருக்கும் இடையில்.

2022 மே 26. மூன்றாவது நிமிடமே சேதுவின் ரேணு ராணி கோல் அடித்தார். பட்டம் மறுபடி மதுரைக்கு என்ற நினைப்பு பத்து நிமிடம்தான் நீடித்தது. 14ஆவது நிமிடத்தில் பெனால்டி. கோகுலம் கேப்டன் ஆஷாலதா தேவி தவறவிடவில்லை. 33இல் கானா நாட்டு எல்ஷதாய் அச்சியம்போங், 40இல் மனீஷா கல்யாண். இடைவேளைக்கு முன்பே 3-1. இரண்டாம் பாதியில் யாரும் கோல் போடவில்லை. 11 ஆட்டத்தில் பத்து வென்றும் இரண்டாமிடம்! நாக்-அவுட் லீக்கில் ஏழு ஆட்டம் ஆடி சாம்பியன் ஆன அணி, அதைவிடக் கடினமான நெடும்போட்டியில் ஒரே ஒரு தோல்வியால் கோப்பையை இழந்தது. அன்று சேதுவின் பயிற்சியாளராக இருந்த கிறிஸ்பின் சேத்ரி பிறகு ஒடிசாவை சாம்பியன் ஆக்கினார். 2025 ஜூலையில் அவர் பயிற்சியில்தான் இந்தியா தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

மாற்றம் 2023-24இல் வந்தது. அணிகளை ஏழாகக் குறைத்து, ஒவ்வொரு அணியும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணி மைதானத்தில் ஒருமுறை ஆடும் முறையை முதன்முறையாகக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு 12 ஆட்டம், 18 நாளுக்குப் பதில் மாதக்கணக்கில் சீசன். கூடவே ஒரு நிபந்தனை: குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம். மாதத்துக்கு 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனாலும் ஒப்பந்தத்துக்கு ஒரு அடித்தளம் போட்டார்கள். கீழே இரண்டாம் டிவிஷனும் தொடங்கியது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வழி இருந்தால்தானே அது லீக்.

சொந்த மைதானம் என்பது சும்மா வருவதில்லை. ஒழுங்கான புல்தரை, இரு அணிகளுக்கும் நடுவர்களுக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை, ஆம்புலன்ஸ், ஒளிபரப்புக்கு இடம் எல்லாம் வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும்தான். ஆனால் மதுரையில் விளையாட்டுக்குப் பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்கென்றே ஒரு அரங்கம் திறந்தார்கள். ரேஸ்கோர்ஸில் ஹாக்கி மைதானம் கட்டி, 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களையே நடத்திக் காட்டினார்கள். இரண்டுக்கும் கூட்டம் வந்தது.

தேசியப் பட்டம் வென்ற கால்பந்து அணியை வைத்திருக்கும் ஊருக்கு, தேசிய லீக் ஆட்டம் நடத்தும் தரத்தில் ஒரு புல்தரையும் நாலு அறையும் வேண்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்டக் கால்பந்துச் சங்கமும் இதை முதல் வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். வாசகர்களும் அடுத்த சீசன் அட்டவணை வெளியானால் சேது எஃப்.சி. எங்கே, எப்போது ஆடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். போகும் தூரத்தில் ஒரு ஆட்டம் இருந்தால், வீட்டுப் பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.