பணி அனுபவத்திற்குப் பின் எம்பிஏ: கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

பணி இடைக்கால எம்பிஏ என்பது, சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் வணிக மேலாண்மையில் முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான பட்டயமோ பெறப் படிப்பதைக் குறிக்கும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான நூம்பல், பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றில் வசிக்கும் தொழிற்சாலைப் பொறியாளர்கள், வங்கி அலுவலர்கள், மென்பொருள் பணியாளர்கள் பலர் இப்படிப்பை நாடுகின்றனர். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உள்ள வயதில் இம்முடிவை எடுக்க வேண்டியிருப்பதால், தரவரிசையை மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது போதாது. கிடைக்கும் சான்றின் தகுதி, படிப்புக்கான நேரம், மொத்தச் செலவு, உடன் படிப்போர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பின்னணி

எம்பிஏ பட்டத்தை 1908 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகம் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 1961 இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் (ஐஐஎம்) தொடங்கப்பட்டன. மேலை நாடுகளில் பணி அனுபவம் உள்ளவர்களே பெரும்பாலும் எம்பிஏ படிக்கின்றனர். இந்தியாவின் முழுநேர இரண்டாண்டுப் படிப்புகளிலோ கல்லூரி முடித்த உடனேயோ ஓரிரு ஆண்டுகளிலோ சேர்பவர்கள் அதிகம். இதனால் அனுபவம் மிக்கவர்களுக்கெனத் தனிப் படிப்புகள் பின்னர் உருவாயின. அகமதாபாத் ஐஐஎம் 2006 இல் தொடங்கிய ஓராண்டுப் படிப்பு இவ்வகையைச் சேர்ந்தது.

படிப்பு வகைகள்

ஓராண்டு முழுநேரப் படிப்பு: வேலையை விட்டோ நீண்ட விடுப்பிலோ படிப்பது. பாலா பாலச்சந்திரன் 2004 இல் நிறுவிய கிரேட் லேக்ஸ் மேலாண்மை நிறுவனம், மாமல்லபுரம் அருகே மணமையில் உள்ள தன் வளாகத்தில் இத்தகைய படிப்பை நடத்துகிறது.

வார இறுதிப் படிப்பு: வேலையில் இருந்துகொண்டே படிப்பது. சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறை பணியிலிருப்போருக்கான எம்பிஏ படிப்பை நடத்துகிறது. 2011 இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐஐஎம், சென்னையிலும் பணியிலிருப்போருக்கான படிப்பை நடத்தி வருகிறது.

மாலை நேரப் படிப்பு: நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி வளாகத்தில் 1979 இல் தொடங்கப்பட்ட லிபா நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

தொலைநிலை, இணையவழிப் படிப்பு: இக்னோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் வழங்குகின்றன.

பட்டம், பட்டயம், சான்றிதழ்

இம்மூன்றும் ஒன்றல்ல. பல்கலைக்கழகங்களும் ஐஐடி போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களும் எம்பிஏ பட்டம் வழங்கலாம். தன்னாட்சி மேலாண்மை நிறுவனங்கள் முதுநிலைப் பட்டயமே வழங்க முடியும். ஐஐஎம்களும் முன்பு பட்டயமே வழங்கின. 2018 சனவரி 31 இல் நடைமுறைக்கு வந்த ஐஐஎம் சட்டம், 2017 அவற்றுக்குப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தது. ஆயினும் புகழ்பெற்ற நிறுவனங்கள் நடத்தும் சில மாதப் பயிற்சிகள் பலவற்றின் முடிவில் கிடைப்பது சான்றிதழ் மட்டுமே. தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வுக்கு அது உதவலாம். முதுநிலைப் பட்டம் கட்டாயமான அரசுப் பணிக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ அது போதாது.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அந்நிறுவனம் சேரும் ஆண்டுக்கான அனுமதிப் பட்டியலில் உள்ளதா என்பதை அக்குழுவின் தளத்திலேயே பார்க்கலாம். பத்து நாள் எம்பிஏ என்ற பெயரில் நடத்தப்படுபவை குறித்து அக்குழு 2024 சனவரியில் எச்சரித்தது.

பயண நேரம்

நூம்பலிலிருந்து நுங்கம்பாக்கத்திற்கோ கிண்டிக்கோ வேலை முடிந்த மாலையில் செல்வது, பூந்தமல்லி நெடுஞ்சாலை அல்லது போரூர் வழி நெரிசலைக் கடப்பதாகும். போய் வர 3 மணி நேரம், வாரம் 2 நாள், ஆண்டுக்கு 40 வாரம் என்று கொண்டால், ஆண்டுக்கு 240 மணி நேரம் ஆகும். இரண்டாண்டில் அது 480 மணி நேரம். அதாவது 8 மணி நேரம் கொண்ட 60 வேலை நாள்கள். படிக்கும் நேரமும் வீட்டாருடன் இருக்கும் நேரமும் இதிலிருந்தே குறைகின்றன. எனவே சேருமுன் ஒருமுறை வகுப்பு நேரத்திலேயே பயணம் செய்து பார்ப்பது நல்லது. சுழற்சி முறையில் வேலை செய்வோருக்கு மாலை வகுப்பைவிட வார இறுதி வகுப்பு பொருந்தக்கூடும்.

செலவுக் கணக்கு

கட்டணத்துடன் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மாதம் 80,000 ரூபாய் பெறும் 38 வயதுடைய ஒருவர் 15 லட்சம் கட்டணம் உள்ள ஓராண்டு முழுநேரப் படிப்பில் சேர்கிறார் எனக் கொள்வோம். இழக்கும் சம்பளம் 9.6 லட்சம், மொத்தம் 24.6 லட்சம். படிப்புக்குப் பின் மாதம் 20,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், வரியும் கடன் வட்டியும் நீங்கலாகவே, போட்ட பணம் திரும்பப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். வேலையில் இருந்தபடியே 10 லட்சம் கட்டணத்தில் படித்தால் அதே உயர்வு சுமார் நான்கு ஆண்டுகளில் அதை ஈடுசெய்யும். துறையையே மாற்ற விரும்புவோருக்கு முழுநேரப் படிப்பின் கூடுதல் செலவு தகும்; இருக்கும் நிறுவனத்திலேயே உயர விரும்புவோருக்கு அது தேவைப்படாமல் போகலாம்.

தரவரிசையும் வேலைவாய்ப்பு எண்களும்

நடுவண் அரசின் தேசிய நிறுவனத் தரவரிசை (என்ஐஆர்எஃப்) 2016 முதல் வெளியாகிறது. அது நிறுவனத்தை மதிப்பிடுகிறது. அங்கு நடக்கும் வார இறுதிப் படிப்பைத் தனியே மதிப்பிடுவதில்லை. கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் சராசரிச் சம்பளமும் பெரும்பாலும் முழுநேர மாணவர்களுக்குரியது. மேலும், 10 பேரில் 9 பேருக்கு 8 லட்சமும் ஒருவருக்கு 68 லட்சமும் கிடைத்தால் சராசரி 14 லட்சம் ஆகும். இடைநிலை 8 லட்சமே. எனவே இடைநிலை மதிப்பைக் கேட்டுப் பெற வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

- படிப்பின் முடிவில் வழங்கப்படும் ஆவணத்தில் என்ன எழுதப்பட்டிருக்கும்?
- இவ்வகுப்பில் சேர்வோரின் சராசரிப் பணி அனுபவம் எத்தனை ஆண்டுகள்?
- வளாக வேலைவாய்ப்பு இப்படிப்பினருக்கும் உண்டா?
- முழுநேர மாணவர்களுக்குக் கற்பிக்கும் பேராசிரியர்களே இங்கும் கற்பிக்கிறார்களா?
- இடையில் வெளியூர் மாற்றலானால் படிப்பைத் தொடர முடியுமா? கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

அரசு, பொதுத்துறைப் பணியாளர்கள் சேருமுன் தம் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். தம்மைப் போன்ற வயதிலும் துறையிலும் இருந்து அப்படிப்பை முடித்த இருவரிடமாவது நேரில் பேசுவது, கையேட்டில் இல்லாதவற்றை அறிய உதவும்.