உங்களுக்குத் தெரியுமா? பெருமாட்டியின் பந்தியும் தண்ணீரும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊராட்சி பெருமாட்டி. புதிதாக வருவோர் அறிய வேண்டியவை:

● இளஞ்சிவப்புத் தண்ணீர்: கேரளத்தில் பல வீடுகளிலும் உணவகங்களிலும் பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் தருவார்கள். நிறத்தைக் கண்டு தயங்க வேண்டாம், தாராளமாகக் குடிக்கலாம்.

● மட்டை அரிசி: தவிடு முழுதும் நீங்காத செம்பழுப்புப் புழுங்கலரிசி. பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேக நேரமாகும், பயறு சேர்த்த கஞ்சிக்கு ஏற்றது.

● ராமசேரி இட்லி: எலப்புள்ளி அருகே, தமிழகத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைவண்ணம். மண்பானை வாயில் நூல்வலை கட்டி, துணி விரித்து, தோசைபோல் தட்டையாக அவிப்பார்கள். பொடியும் எண்ணெயும் பொருத்தமான துணை.

● கள்: சித்தூர்த் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள், கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் போகிறது.

● தண்ணீருக்கான போர்: இந்த ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. அதன் பிறகு கிணற்று நீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகவில்லை என்று மக்கள் 2002 ஏப்ரல் 22-இல் போராட்டம் தொடங்கினர். பழங்குடிப் பெண்மணி மயிலம்மா முன்னின்றார். ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இங்கே ஒரு குவளைத் தண்ணீரையும் வீணாக்காமல் இருப்பதே விருந்தினர் காட்டும் மரியாதை.