தாய்க்காக அழுத கருணையன்! படித்தவர்கள் சொல்வது என்ன?

செஞ்சிக் கோட்டைக்குள் வெங்கட்ரமணர் கோவில் இருக்கிறது. சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கிறது. கோட்டைக்கு வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துச் செல்கிறார்கள்.

ஒரு மதத்தாரின் புத்தகத்தையும் அப்படி எல்லோரும் படிக்கலாமா?

படிக்கலாம் என்பதற்குத் தேம்பாவணியே சாட்சி. இத்தாலியில் 1680-ல் பிறந்து, இங்கே வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1726-ல் பாடிய காவியம் அது. மொத்தம் 3,615 பாட்டுகள். ஏசுநாதரின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான் கதாநாயகர்.

காட்டில் ஒரு மரணம்

அதில் ஒரு கட்டம். அருளப்பருக்கு முனிவர் வைத்த பெயர் கருணையன். அவரும் தாயார் எலிசபெத்தும் காட்டில் வாழ்கிறார்கள். தாயார் இறந்துவிடுகிறார். மகன் கதறுகிறார். மரங்களும் பறவைகளும் கூட அழுகின்றன.

நாலு பேர், நாலு விதம்

"இந்த மரணம் வேதாகமத்தில் இல்லையே!" என்பார் ஒருவர். உண்மைதான்.

"உரை இல்லாமல் புரியாது" என்பார் இன்னொருவர். அதுவும் உண்மை.

பக்தருக்கு அது பிரார்த்தனை. புலவருக்கு அது சிந்தாமணி, கம்பராமாயணம் போன்ற தமிழ் விருந்து.

பிள்ளைகளின் பாடம்

2019-ல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தக் கட்டம் இடம்பெற்றது. இந்து, முஸ்லிம், சமணர், கிறிஸ்தவர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம்.

சொல்லுக்கு ஆசிரியர் பொருள் சொல்லலாம். தாயை இழந்த மகனின் கண்ணீருக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

இன்று இரவு உங்கள் பிள்ளையை அந்தப் பாட்டுகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள அம்மாவும் கேட்கட்டும்!