கிரானைட்டுக்கும் ஒரு பூர்வ ஜென்மம்!

நண்பர்களே! "கிரானைட் எப்படி உண்டாகிறது?" என்று வைவாவில் கேட்டால், "மாக்மா குளிர்ந்து இறுகியது சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். சரியான பதில்தான். ஆனா, "அந்த மாக்மா எங்கிருந்துப்பா வந்தது?" என்று அடுத்த கேள்வி விழுந்தால்?

பல இடங்களில் அது பழைய பாறைகளிலிருந்தே வந்தது! வண்டல் படிந்து களிப்பாறை ஆகிறது. மலைகள் எழும்போது அது பூமிக்குள் அமுங்குகிறது. அழுத்தமும் வெப்பமும் ஏற ஏற முதலில் சிஸ்ட், பிறகு நைஸ் என்று உருமாறுகிறது. இன்னும் ஆழத்தில், நீரும் இருந்துவிட்டால், சுமார் 650 முதல் 700 டிகிரி சென்டிகிரேடிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

பாறை முழுசாக உருகாது. கடலை மிட்டாயைச் சூடாக்கினால் வெல்லம் இளகி ஓடும், கடலை அப்படியே நிற்கும் இல்லையா? அதுபோல குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் முதலில் இளகும். கறுப்புத் தாதுக்கள் பெரும்பாலும் தங்கிவிடும். இளகியது திரண்டு மேலேறி இறுகினால் கிரானைட். பாதி வழியிலேயே நின்றுவிட்டால், வெளுப்பும் கறுப்பும் வரிவரியாகக் கலந்த 'மிக்மடைட்'. பின்லாந்து அறிஞர் செடர்ஹோம் 1907-ல் வைத்த பெயர் இது.

1940-களில், "உருகவே வேண்டாம், திடநிலையிலேயே பாறை கிரானைட்டாக மாறும்" என்று ஒரு கட்சி பலமாக வாதாடியது. நீர் சேர்ந்தால் உருகும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்பதை டட்டில், போவன் இருவரும் ஆய்வுக்கூடத்தில் அளந்து 1958-ல் வெளியிட்டார்கள். அதன்பின் உருகல் கட்சியின் கை ஓங்கியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டும் 'பாரடைஸோ' கல்லைப் பாருங்கள். அலை அலையாக வரி ஓடும். கடையில் அது கிரானைட், உண்மையில் மிக்மடைட்! மேடைக்கும் தரைக்கும் அழகுதான். ஆனால் வரியுள்ள கல் சைட்டில் வேறு கதை. மைக்கா அடுக்கு வழியாகப் பிளக்கும். கிரஷரில் போட்டால் தட்டை ஜல்லி கூடும்; காங்கிரீட் சரியாக இளகி வராது. சுவரில் வைத்தால் வரி படுக்கையாக இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பாரத்தில் உரிந்துவிடும்.

ஆகவே தோழர்களே, குவாரிக்காரர் சொல்லும் பேரோடு நின்றுவிடாதீங்க. கல்லைத் திருப்பி, வரி ஓடுதான்னு பாருங்க. அதன் பூர்வ ஜென்மம் அங்கேதான் எழுதியிருக்கு!