மகிழ்ச்சி இல்லாத சிரிப்பு

பிள்ளை சிரித்தால் வீடே குளிரும். ஆனால் காரணமேயின்றி, நாளொன்றுக்குப் பல தடவை, முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே இல்லாமல் ஒரு பிள்ளை சிரிக்குமானால்? சற்று நேரத்தில் கையில் கிடைத்ததை வீசியெறிகிறது, தம்பியை அடிக்கிறது, பாடசாலையில் ஓரிடத்தில் இருப்பதில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்ற பழி உம்மாவின் தலையில்தான் விழும்.

சகோதரிகளே! இது வளர்ப்பின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். பசி, தூக்கம், உடற்சூடு ஆகியவற்றை ஆளும் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி மூளையின் அடியில் உண்டு. அங்கே கருவிலேயே உண்டாகும், புற்றுநோயல்லாத ஒரு கட்டி இந்தச் 'சிரிப்பு வலிப்பை'யும் கட்டுக்கடங்காத கோபத்தையும் கொண்டுவரும். சில பிள்ளைகள் உரிய வயதுக்கு வெகு முன்பே பருவமடைவதும் உண்டு. மிக அரிதான நோய் இது. மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை.

அவ்வளவு ஆழத்தில் கத்தி வைப்பது ஆபத்தானது. சுவீடன் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951 இல் முன்வைத்த கதிர்ச் சத்திரசிகிச்சை இங்கு கைகொடுக்கிறது. மண்டையைத் திறக்காமல், ஏறக்குறைய 200 மெல்லிய காமாக் கதிர்களை அந்த ஒரே இடத்தில் சந்திக்க வைப்பார்கள்.

பிரான்ஸின் மார்செய் நகரில் வைத்தியர் ழான் ரெஜியின் குழுவினர், இச்சிகிச்சை பெற்ற 48 பேரை மூன்று வருடங்களுக்கு மேலாக அவதானித்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். வலிப்பின் தொல்லையிலிருந்து விடுபட்டோர் பத்துக்கு நால்வர் அளவே. ஆனால் மனநிலை, நடத்தைக் கோளாறுகள் இருந்தோரில் 28 சதவீதமானோருக்கு அவை நீங்கின. 56 சதவீதமானோருக்குக் குறைந்தன. 8 சதவீதமானோருக்கு மோசமடைந்ததும் உண்மை. அதாவது, வலிப்பு முற்றாக நிற்காத பிள்ளைக்கும் படிப்பும் நட்பும் நிம்மதியும் கிட்ட இடமுண்டு.

பலன் உடனே தெரியாது. மாதங்கள் செல்லும்; வருடங்களும் ஆகலாம். இடையில் சிலருக்கு வலிப்பு சிறிது காலம் கூடுவதும் உண்டு. 'சிகிச்சை பலிக்கவில்லை' என்று மனமுடைந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்த நாள், நேரம், பிள்ளையின் தூக்கம், கோபம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். வகுப்பாசிரியைக்கும் விடயத்தைச் சொல்லி வையுங்கள்.

பிள்ளையை அடித்துத் திருத்த முனையும் முன், அந்தச் சிரிப்பை ஒரு தடவை உற்றுக் கவனியுங்கள். அது குறும்பாக இருக்கலாம். உதவி கேட்கும் நோயாகவும் இருக்கலாம்.