இன்சூரன்ஸ் ஃபார்மில் பிள்ளை பெயரை நேரடியா எழுதிட்டீங்களா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும், மாற்றுத்திறனாளி பிள்ளை உள்ள பெற்றோருக்கான பதிவு இது.

வேலையில் சேர்ந்தப்போ கம்பெனி கொடுத்த லைஃப் இன்சூரன்ஸ் ஃபார்ம் ஞாபகம் இருக்கா? பெனிஃபிஷியரி இடத்தில் பாசமா பிள்ளை பெயரை எழுதியிருப்பீங்க. சிக்கலே அங்கதான்.

எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்குபவர் பெயரில், கணக்கில் வரும் சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989-லிருந்து இந்த வரம்பு மாறவே இல்லை (கொடுமை!). "நம்ம சம்பளத்துக்கு எஸ்.எஸ்.ஐ. எங்க கிடைக்கப் போகுது?"ன்னு விட்டுடாதீங்க. பிள்ளைக்கு 18 வயதானதும் பெற்றோர் வருமானத்தைப் பார்க்க மாட்டாங்க.

அப்புறம் உங்களுக்கு ஏதாவது ஆகி, 3 லட்சம் டாலர் நேரா பிள்ளை பெயருக்கு வந்தா? உதவித்தொகை நின்னுடும். பல மாநிலங்களில் மெடிகெய்டும் கூடவே போயிடும். பெரிய அடி அதுதான். தெரபி, வீட்டுக்கு வரும் உதவியாளர் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுது.

பெனிஃபிஷியரியா ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்டை எழுதினா, பணம் பிள்ளையின் சொத்தா கணக்கில் வராது. டிரஸ்டி பில்களை நேரடியா கட்டுவார். கையில் ரொக்கம் கொடுத்தா உதவித்தொகை குறையும்.

பணம் பிள்ளை பெயருக்கு வந்த பிறகும் டிரஸ்ட் போடலாம். ஆனா பிள்ளையின் காலத்துக்குப் பின், மெடிகெய்டு செலவழித்ததை மிச்சப் பணத்திலிருந்து அரசு எடுத்துக்கும். பெற்றோர் முன்கூட்டியே தங்கள் பணத்தில் போட்டா அது இல்லை.

ஊரில் தாத்தா பேரனுக்கு உயில் எழுதப் போறாரா? அவர்கிட்டயும் இன்னிக்கே பேசிடுங்க. வக்கீல் டிரஸ்ட் பத்திரம் முடித்ததும் ஹெச்.ஆர்.கிட்ட அந்தப் பழைய ஃபார்மை மாத்திக் கொடுங்க, 401(கே) ஃபார்மையும் சேர்த்து.