எடை குறைந்த பணிமேடைகள்

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆள்வது இயக்குதளம். லினக்ஸ் என்பதும் அவ்வகையினதே. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் அதன் கருவை வெளியிட்டார். கரு நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. திரையில் தோன்றும் பட்டி, சாளரம், படக்குறி ஆகியவற்றின் தொகுதியே நம்மோடு உறவாடுவது. அதனைப் பணிமேடை என்போம். லினக்ஸில் பணிமேடைகள் பல உள. வேண்டியதை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

விண்டோஸ் 10 பெற்றுவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. பழுதுறாத பொறியைக் குப்பையில் எறிதல் முறையாகுமோ? அத்தகைய பொறிகளுக்கு எடை குறைந்த பணிமேடைகள் மறுவாழ்வு அளிக்கின்றன. எடையாவது, நினைவகத்தில் அவை கொள்ளும் இடம். மாணவர்களே, எடையை மட்டும் நோக்குதல் போதாது. புதியவன் தான் தேடுவதைத் தடுமாறாமல் அடைதல் வேண்டும்.

எல்.எக்ஸ்.கியூ.டி. என்பது மிக இலேசானது. கீழ்ப்பட்டியும் மூலைப்பட்டியலும் விண்டோஸில் பழகியவர்க்கு அயன்மை தோற்றா. ஆயினும், சாளரங்களை ஆளும் பணியை அஃது ஓபன்பாக்ஸ் போன்ற வேறொரு நிரலிடம் ஒப்படைக்கிறது. ஆதலின், தோற்றத்தை மாற்ற விழைவோர் ஈரிடங்களில் தேட நேரும். தொடக்கநிலையினர்க்கு இஃது இடர்ப்பாடே.

1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்.எஃப்.சி.இ. சற்றே எடை மிக்கது. எனினும், அமைப்புகள் யாவும் ஒரே சாளரத்தில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. பெயரைத் தட்டெழுதித் தேடவும் இயலும். பட்டியைத் திரையின் எப்பக்கத்திலும் நிறுத்தலாம். 'ஆல்ட்' விசையை அழுத்தியவாறு சுட்டியின் உருளையைச் சுழற்றினால் திரை முழுவதும் பெரிதாகும். பார்வை மங்கிய என்போன்ற முதியோர்க்கு இஃதொன்றே பெரும்பேறு! புதியவர்க்கு யான் முதற்கண் பரிந்துரைப்பது இதனையே.

2011இல் க்னோம் பணிமேடை தன் பழைய உருவை முற்றிலும் மாற்றியபோது, அவ்வுருவை விரும்பியோர் அதனை மாட்டே என்னும் பெயரால் காத்தனர். தென்னமெரிக்க மக்கள் பருகும் பானம் ஒன்றின் பெயர் அது. செயலிகள், இடங்கள், அமைப்பு என மூன்று பட்டியல்களை அது தெளிவுறக் காட்டுகிறது. திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் ஓர்க்கா என்னும் செயலியும் அதனோடு நன்கு இயைகிறது.

இம்மூன்றையும் பொறியில் நிறுவாமலே பென்டிரைவ் கொண்டு இயக்கிப் பார்க்கலாம். அவ்வாறு பார்க்குங்கால் இணைய உலாவியையும் திறந்து பார்த்தல் நன்று. பணிமேடையினும் மிகுதியாக நினைவகத்தை விழுங்குவது பெரும்பாலும் அதுவே.